செயின்சா போதவில்லையா? சைலன்சர் திறப்பதா, போர்ட்டிங் செய்வதா, பெரிய மிஷினாக வாங்குவதா?

மரம் அறுக்கிற வேலையில் இருப்பவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். கையிலிருக்கும் மிஷின் போதவில்லை. புளியமரத்து அடியில் வைத்தால் திணறுகிறது, பனையில் வைத்தால் புகை வருகிறதே தவிர தூள் கொட்டவில்லை, பக்கத்து ஊரில் ஒருவர் சைலன்சரைத் திறந்துவிட்டு ஓட்டுகிறார், வீடியோவில் யாரோ போர்ட்டிங் (சிலிண்டரில் கலவையும் புகையும் போகிற வழிகளைக் குடைந்து பெரிதாக்குவது) செய்த மிஷினை வைத்து பெரிய தடியைச் சில நொடிகளில் துண்டு போட்டுத் தள்ளுகிறார். நாமும் செய்துவிடலாமா, இல்லை அந்தக் காசைப் போட்டு ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் நின்று அறுக்கிற 50, 60 சிசி மிஷின் என்றால் சைலன்சரை அளவாகத் திறந்து கார்புரேட்டரைச் சரியாக ட்யூன் செய்வது வரை போகலாம், அதுவும் செயினையும் பாரையும் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) ஒழுங்கு செய்த பிறகு. சிலிண்டரைக் கழற்றி போர்ட்டைக் குடைகிற வேலை நம்மில் பெரும்பாலோருக்குத் தேவையில்லை, அந்தப் பணத்தைப் பெரிய மிஷினில் போட்டால்தான் திரும்பி வரும். மரத்தில் ஏறி ஓட்டுகிற மிஷினில் மட்டும் கையே வைக்கக் கூடாது.

வீடியோக்களைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல அமெரிக்காவின் மேற்குப் பகுதி, வாஷிங்டன், ஓரிகன் பக்கத்துக் காடுகளில் எடுத்தவை. அங்கே வெட்டுவது டக்ளஸ் ஃபர் மாதிரியான மென்மரம், பார் 28 இஞ்ச், 32 இஞ்ச், 36 இஞ்ச் என்று போகும். மென்மரத்தில் செயின் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு தூள் வரும், அதனால் ஆர்பிஎம்மைக் கூட்டுகிற மாடிஃபிகேஷனுக்கு அங்கே கை மேல் பலன். நாம் வெட்டுவதோ புளி, வேம்பு, சீமைக்கருவேலம், சவுக்கு, அப்புறம் தென்னையும் பனையும். தென்னைக்கும் பனைக்கும் வைரம் வெளிப்பக்கம், நார் வேறு, மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருப்பதால் பல்லைத் தேய்த்துவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்து கிடந்த தென்னைகளை அறுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், மண் ஒட்டிய தென்னையில் ஒரு செயின் எத்தனை மரத்துக்குத் தாங்கும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழுங்கிய செயினை வேகமாக ஓட்டினால் சூடுதான் கூடும், வெட்டு கூடாது.

ஆகவே முதல் செலவு அரத்துக்கும் செயினுக்கும். திணறுகிறது என்று வருகிற மிஷின்களில் நிறைய இந்த இடத்திலேயே சரியாகிவிடுகின்றன. .325 செயினுக்கு (இது இஞ்சில் செயினின் இணைப்பு இடைவெளி அளவு) 4.8 மில்லிமீட்டர் அரம், 3/8 செயினுக்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5, சின்ன மிஷின்களில் வருகிற 3/8 லோ புரஃபைலுக்கு 4.0. கையில் கிடைத்த அரத்தைப் போட்டுத் தேய்த்தால் பல்லின் கொக்கி கெட்டுவிடும். தென்னை, பனை, மண் ஒட்டிய அடிமரம் இவற்றுக்கு முனை உருண்ட செமி சிசல் செயின் நல்லது, ஃபுல் சிசல் சுத்தமான மரத்தில் வேகமாக ஓடும், ஆனால் மண்ணில் ஒரு தடவை பட்டால் போச்சு.

இன்னொரு விஷயம், காசே இல்லாமல் நம் ஊரில் அதிகம் பேர் செய்கிற மாடிஃபிகேஷன் இதுதான், பல்லுக்கு முன்னாலிருக்கும் ரேக்கரை நிறையத் தேய்த்து விடுவது. ரேக்கர் பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் கீழே இருந்தால் போதும். இன்னும் இறக்கினால் முதலில் மரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும், ஆனால் மிஷின் இழுத்து இழுத்து நிற்கும், கிளட்ச் சூடாகும், பார் முனை எங்காவது பட்டால் முகத்தை நோக்கித் திரும்பும். இங்கே அலசுகிற எல்லா மாற்றங்களிலும் இதைத்தான் நான் மோசம் என்பேன்.

பார் நீளத்தையும் பாருங்கள். சந்தையில் கிடைக்கிற 58 சிசி சீன மிஷின்கள் பெரும்பாலும் 22 இஞ்ச் பாரோடு வருகின்றன. கடையில் அடுக்கி வைக்கும்போது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான், அந்த என்ஜினுக்கு அது அதிகம். 18 இஞ்ச் பாரும் 72 லிங்க் .325 செயினும் போட்டுப் பாருங்கள், போர்ட்டிங் செய்தால் என்ன கிடைக்கும் என்று நினைத்தீர்களோ அதில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். 18 இஞ்ச் பாரால் இரண்டு பக்கமும் சுற்றி அறுத்தால் நம் ஊர் மரங்களில் பெரும்பாலானவை முடிந்துவிடும்.

சரி, இதெல்லாம் செய்தாயிற்று, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் சைலன்சருக்கு வருவோம்.

ஆர்எக்ஸ் 100 காலத்து ஆட்கள் இங்கே ஒரு தப்புக் கணக்கு போடுவார்கள். பைக்கின் டூ ஸ்ட்ரோக் சைலன்சர் அளவு பார்த்துச் செய்த குழாய், அதன் நீளமும் வயிறும் மாறினால் பவர் வேறு ஆர்பிஎம்முக்குப் போய்விடும். செயின்சாவின் சைலன்சர் அப்படியில்லை, பெரும்பாலும் வெறும் தகரப் பெட்டி, உள்ளே ஒரு தடுப்பு, வெளியே சின்ன ஓட்டை, சத்தத்தையும் புகையையும் சட்டத்துக்குள் வைப்பதற்காகக் கம்பெனி அதை நெருக்கி வைத்திருக்கிறது. அந்த ஓட்டையை அகலப்படுத்தினால் என்ஜின் நன்றாக மூச்சு விடும், கீழ் ஆர்பிஎம் இழுவையும் போகாது. அதனால்தான் கொடுக்கிற காசுக்குக் கிடைக்கிற பலனில் இதை மிஞ்ச எதுவும் இல்லை என்கிறேன்.

எவ்வளவு திறப்பது? சிலிண்டரிலிருந்து புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் போர்ட்டின் பரப்பில் முக்கால் பங்கு, கொஞ்சம் முன்னே பின்னே, சைலன்சரின் வாய்ப் பரப்பு இருந்தால் போதும் என்பது இந்த வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் திறந்தால் சத்தம்தான் மிச்சம். கம்பெனி நிலையிலேயே செயின்சா சத்தம் 100 டெசிபலைத் தாண்டுகிறது, 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகிற ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. காது மூடி இல்லாமல் வேலை பார்க்கும் கூட்டத்தில் சைலன்சர் திறந்த மிஷினைக் கொண்டு போகவே வேண்டாம். துளை போடும்போது சைலன்சரைத் தனியாகக் கழற்றிப் போடுங்கள், மிஷினில் இருக்கும்போதே போட்டால் இரும்புத் தூள் போர்ட் வழியாக உள்ளே போய்விடும். புது வாய் பிளாஸ்டிக் பக்கமோ உங்கள் கை பக்கமோ ஊதாமல் திரும்பியிருக்க வேண்டும். தீப்பொறியைத் தடுக்கிற வலையை எடுத்துவிடாதீர்கள். காய்ந்த தைல மரத் தோப்பிலோ கோடையில் மலையோரத்திலோ ஒரு பொறி போதும், அமெரிக்காவில் அரசுக் காடுகளில் அந்த வலை இல்லாத மிஷினை ஓட்டவே விடமாட்டார்கள்.

ஆனால் வேலை இதோடு முடியவில்லை, பாதிதான் முடிந்திருக்கிறது. சைலன்சர் திறந்ததும் என்ஜின் காற்றை அதிகம் இழுக்கும், பெட்ரோல் பழைய அளவிலேயே வரும், கலவை லீன் ஆகும். லீனாக ஓடுகிற மிஷின் முதல் நாள் பிரமாதமாக ஓடும், பிக்கப் பார்த்து எல்லோரும் மெச்சுவார்கள், அதே ஓட்டத்தில் பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் கீறல் விழுந்து சீஸ் ஆகும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைகிறது. ஆகவே கார்புரேட்டரில் முழு ரேஸுக்கான பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற எச் திருகைத் திறந்து கொடுத்தே ஆக வேண்டும். சில மிஷின்களில் அந்தத் திருகின் மேல் கம்பெனி தொப்பி போட்டு, கொஞ்ச தூரம்தான் திரும்பும்படி வைத்திருக்கும், அதையும் எடுக்க வேண்டியிருக்கும்.

ட்யூன் செய்கிற முறை இதுதான். மிஷின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் சுத்தமாக, செயின் கூராக இருக்க வேண்டும். முழு ரேஸில் மரத்தில் வைத்து அறுக்கும்போது சத்தம் சுத்தமாக இழுத்துப் போக வேண்டும், மிஷினை வெட்டிலிருந்து லேசாகத் தூக்கியதும் கரகரவென்று விட்டு விட்டு வெடிக்கிற சத்தத்துக்கு மாற வேண்டும். தூக்கிய பிறகும் கீச்சென்று சுத்தமாகவே கத்தினால் லீன், எச் திருகைத் திறக்க வேண்டும். வெட்டுக்குள்ளேயே கரகரத்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், கொஞ்சம் மூட வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பல மிஷின்களின் இக்னிஷன் காயிலில் ஆர்பிஎம் வரம்பு வைத்திருக்கிறார்கள், அந்த வரம்பைத் தொட்டதும் இதே மாதிரி விட்டு விட்டு ஓடும். அதை ரிச் என்று நினைத்தவர்கள் திருகை மேலும் மேலும் மூடி மிஷினைக் கொன்றிருக்கிறார்கள். உங்கள் மிஷினில் வரம்பு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள், அப்படி இருந்தால் ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர் இல்லாமல் தொடாதீர்கள். ஸ்டில் கம்பெனியின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் உள்ள மிஷின்களில் திருகு வேலை இல்லை, அவையே ஓரளவுக்குச் சரி செய்துகொள்ளும்.

பெட்ரோலையும் இங்கேயே பேசிவிட வேண்டும். இப்போது நம் பம்புகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் எரிய காற்று குறைவாகவே போதும், அதனால் அதே திருகு அளவில் பழைய பெட்ரோலைவிட இது லீனாக ஓடும். மூன்று நான்கு வருஷத்துக்கு முன் யாரோ அருமையாக ட்யூன் செய்து கொடுத்த மாடிஃபைடு மிஷின் இன்றைக்கு அதே திருகு அளவில் ஆபத்தான நிலையில் இருக்கலாம். மழைக்காலத்தில் கேனில் நாள் கணக்கில் வைத்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டரின் ரப்பர் டயாஃப்ரமும் விறைக்கும். வேலைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் கலப்பதே மேல். ஆயில் 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40க்கு 1 என்றால் 25 மில்லி. ஜேஏஎஸ்ஓ எஃப்டி தரம் என்று டப்பாவில் போட்டிருப்பதை வாங்குங்கள், ஆயில் அளவை மாற்றினால் ட்யூனையும் திரும்பப் பாருங்கள்.

இனி போர்ட்டிங்.

சிலிண்டரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் போர்ட்டை அகலப்படுத்தி, உயரத்தைக் கூட்டி, கலவை சிலிண்டருக்குள் ஏறி வருகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டைச் சீர் செய்து, அடி கேஸ்கெட்டை எடுத்துவிட்டு கம்ப்ரஷனை ஏற்றி, சில சமயம் இக்னிஷன் டைமிங்கையும் முன்னே நகர்த்துவது. கை தேர்ந்தவர் செய்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் பவர் மேல் ஆர்பிஎம்முக்குப் போகும், கீழ் இழுவை குறையும். கருவேலமும் புளியும் அறுப்பவருக்கு வேண்டியது கீழ் இழுவைதான்.

அதைவிடப் பெரிய கவலை, யார் செய்வது என்பது. ஆர்எக்ஸ் 100 போர்ட்டிங் செய்கிற பட்டறைகள் நம் ஊர்களில் இன்றும் உண்டு, அவர்கள் கைவேலை மேல் எனக்கு மரியாதையும் உண்டு, ஆனால் பைக் வேறு. ஆர்எக்ஸ் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு லைனர் இருக்கிறது, தப்பாகிவிட்டால் போர் போட்டு அடுத்த சைஸ் பிஸ்டன் மாட்டிக்கொள்ளலாம். நல்ல செயின்சாவின் சிலிண்டர் அலுமினியம், உள்ளே மெல்லிய நிகசில் அல்லது குரோம் பூச்சு. குடைகிற கருவி ஒரு தடவை வழுக்கி அந்தப் பூச்சு பெயர்ந்தால் சிலிண்டர் கழிவு, அதற்கு அடுத்த சைஸ் கிடையாது. போர்ட்டின் ஓரத்தை மழுக்கிவிடாமல் விட்டாலோ அகலத்தை அளவுக்கு மேல் கூட்டினாலோ பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். அடி கேஸ்கெட்டை எடுத்தால் பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் மேல்தளத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கும், அது 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஈயக் கம்பியை பிளக் ஓட்டை வழியாக விட்டு நசுக்கி அளந்து பார்க்காமல் மூடுகிறவரிடம் மிஷினைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பைக்கில் சிக்னலுக்குச் சிக்னல் ரேஸைக் குறைப்போம், செயின்சா ஒரு வெட்டு முடிகிற வரைக்கும் முழு ரேஸில் நிற்கிறது, நம் வெயிலில், சிலிண்டரைக் குளிர்விக்கும் தகடுகளின் இடுக்கில் தென்னை நார்த்தூள் அடைத்துக்கொண்டு. தப்பு இருந்தால் உடனே காட்டிக் கொடுக்கும்.

கம்பெனிகளே ஒரே என்ஜினை நெருக்கியும் திறந்தும் இரண்டு பெயரில் விற்பதுண்டு. ஹஸ்க்வர்னா 365 எக்ஸ்-டார்க்கும் 372ம் 70.7 சிசிதான், 365ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டை ஒரு தடுப்பு வைத்துக் குறுக்கியிருப்பார்கள், அதை எடுத்துவிட்டு ட்யூன் செய்தால் 372க்கு அருகில் வந்துவிடும். குடைவது இல்லை, பூச்சுக்கு ஆபத்து இல்லை. போர்ட்டிங் ஆசை இருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வகையை மட்டும்தான்.

மற்றவர்களுக்குப் பெரிய மிஷின். கணக்கைப் பாருங்கள். ஸ்டில் எம்எஸ் 261 என்பது 50.2 சிசி, 3.0 கிலோவாட், 4.9 கிலோ எடை. எம்எஸ் 462 என்பது 72.2 சிசி, 4.4 கிலோவாட், 6.0 கிலோ. சுமார் ஒரு கிலோ கூடுதல் எடைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பவர், கம்பெனி வாரண்டியோடு, பல வருஷம் தாங்கும் நிலையில். 50 சிசியை எவ்வளவு குடைந்தாலும் இந்த இழுவை வராது. எம்எஸ் 382 அதே 72.2 சிசி, 3.9 கிலோவாட், 6.2 கிலோ, எளிமையான கார்புரேட்டர், எலக்ட்ரானிக் சமாச்சாரம் இல்லாததால் கிராமத்து மெக்கானிக்கும் கை வைக்கலாம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள எம்எஸ் 500i என்பது 79.2 சிசி, 5.0 கிலோவாட், 6.2 கிலோ, எடைக்குப் பவர் என்று பார்த்தால் இதுதான் அபாரம், ஆனால் விலையும் அதற்கேற்றபடி, பழுதானால் கம்பெனி சர்வீஸ்தான் கதி. நாள் முழுக்க பேப்பர் மில்லுக்குச் சவுக்கும் தைல மரமும் வெட்டுபவருக்கு இதெல்லாம் வீண் சுமை, அவருக்கு நல்ல 50 சிசியும் கூரான செயினும் போதும். புளி, வாகை, பழைய வேம்பு என்று அடிமரம் எடுப்பவருக்கு 70 சிசி இல்லாமல் முடியாது.

சீன 58 சிசியை மாடிஃபை செய்வதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மிஷின் விலை குறைவு, கெட்டால் போகட்டும் என்று கற்றுக்கொள்ள நல்லதுதான். ஆனால் அதில் கிராங்க் பேரிங்கும் ஆயில் சீலும் பலவீனம், பவரைக் கூட்டினால் பலவீனமான அடுத்த இடம் உடையும். பார் மாற்றுங்கள், நல்ல செயின் போடுங்கள், ட்யூன் செய்யுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாருக்குப் பழைய என்ஜின் ஆயில் ஊற்றுவதையும் நிறுத்துங்கள், அதிலிருக்கும் இரும்புத் துகள் பம்பையும் பாரையும் தின்னும், கையில் படுவதும் உடம்புக்குக் கெடுதி.

வேகத்தைப் பற்றி யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. செயின்சா வேலைக்கென்று விற்கிற வெட்டுத் தடுப்புக் கால்சட்டைகளுக்கு வகுப்பு உண்டு: வகுப்பு 1 நொடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்துக்குச் சோதித்தது, வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. இப்போது கணக்குப் போடுவோம். 3/8 செயின், 7 பல் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டுகிற பல் சக்கரம்) என்றால் என்ஜின் ஒரு சுற்றுக்கு 13.3 சென்டிமீட்டர் செயின் ஓடும். 10,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 22 மீட்டர். 12,500ல் கிட்டத்தட்ட 28. 14,000ல் 31. வேகம் போதவில்லை என்று 8 பல் ஸ்ப்ராக்கெட் போட்டால் 10,000லேயே 25ஐத் தாண்டும். அதாவது மாடிஃபை செய்த மிஷின் வெட்டுக்கு வெளியே முழு ரேஸில் இருக்கும்போது, சந்தையில் அதிகம் கிடைக்கிற வகுப்பு 1 கால்சட்டை சோதிக்கப்பட்ட வேகத்தை எப்போதோ கடந்துவிட்டது. லுங்கியும் ரப்பர் செருப்புமாக நிற்கிற நம் ஆட்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். மிஷினுக்குச் செலவு செய்கிற முதல் ரூபாய்க்கு முன்னால் கால்சட்டை, ஹெல்மெட், காது மூடி, பூட்ஸ் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உங்களிடம் கூலிக்கு வேலை செய்பவருக்கும் சேர்த்து.

ஏறி வெட்டுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் டாப் ஹேண்டில் மிஷின் (பிடி மேலே இருக்கும் சின்ன மிஷின்), உதாரணமாக ஸ்டில் எம்எஸ் 201 டி, 35.2 சிசி, 1.8 கிலோவாட், 3.7 கிலோ. அந்த உயரத்தில் பவர் கூடி ஆவதற்கு ஒன்றுமில்லை. சத்தம் கூடினால் கீழே கயிறு பிடிப்பவர் சொல்வது கேட்காது, கம்ப்ரஷன் கூடினால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது கஷ்டம், திறந்த சைலன்சர் உங்கள் பாதுகாப்புக் கயிற்றின் மேல் ஊதும். மாற்ற வேண்டும் என்றால் பேட்டரி மிஷினுக்கு மாறுங்கள். கிளைக்கு கிளை நகரும்போது நின்றுவிடும், பட்டனை அழுத்தினால் ஓடும், கீழே இருப்பவர் குரல் கேட்கும்.

சைலன்சரோ போர்ட்டிங்கோ, எதைச் செய்திருந்தாலும் முதல் இரண்டு மூன்று டேங்க் ஓடியதும் சைலன்சரைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து, எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பளபளவென்று வழுவழுப்பாக இருக்க வேண்டும். நெடுக்குக் கோடுகள் தெரிந்தால் அன்றைக்கு அந்த மிஷினை ஓட்ட வேண்டாம். எச் திருகைத் திறப்பதற்கு முன் இன்டேக் ரப்பரிலும் கிராங்க் சீலிலும் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கசிவை வைத்துக்கொண்டு திருகால் சரிக்கட்டினால் சூடேறியதும் திரும்ப லீன் ஆகும்.